எனக்கே படிக்கத் தெரியாத அட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கும்பகோணத்தில் குடியிருந்தேன். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஒரு தாலுகா ஆபீஸில், குத்தகைப் பதிவு செக்‌ஷனில் எழுத்தர் வேலை. யார் நிலத்தை யார் சாகுபடி செய்கிறார்கள், யாரை யார் வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்பதுதான் அங்கே தினமும் பேச்சு. விசாரணை நாளில் நிலக்காரர்கள் வக்கீலோடு காரில் வந்து இறங்குவார்கள். சாகுபடிக்காரர்கள் சிவப்புக் கொடியோடு வேப்பமரத்தடியில் நிற்பார்கள். ஆட்சி மாறினால் ஆபீஸ் சுவரில் படம் மாறும். மரத்தடிக் கூட்டம் மட்டும் மாறாது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் சம்பாதிக்கப் போகிறவர்கள். சும்மா பார்க்கப் போகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை.

“அங்க யாரு ஒன்ன கூப்புட்டா?” என்று அண்ணன் கேட்டார்.

“யாரும் கூப்புடல, நானாத்தான் போறேன்” என்றேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

டூர் கம்பெனியோடு போக எனக்குக் கட்டுபடியாகாது. அதனால் நானே திட்டம் போட்டேன். மலேசியா வரை விமானம், இருப்பதிலேயே மலிவான டிக்கெட். அங்கிருந்து ரயிலில் எல்லை தாண்டித் தாய்லாந்தின் தெற்குப் பக்கம். மொத்தம் பத்து நாள். மூன்றாம் வகுப்பு ரயில், சின்ன லாட்ஜ், தெருவோரச் சாப்பாடு. அரசாங்க வேலை என்பதால் பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லாச் சான்று வாங்கவே ஆறு மாதம் ஆனது. மலேசியாவில் தமிழை வைத்துச் சமாளித்துவிடலாம். தாய்லாந்தில் தமிழும் ஆகாது, என்னுடைய ஆங்கிலமும் ஆகாது.

உடன் வேலை பார்த்தவர் கூத்தாநல்லூரில் தன் தெருக்காரர் ஒருவரைச் சொன்னார். பாங்காக்கில் ஜவுளிக்கடையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அளவாக வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அச்சடிக்காத பக்கத்தில் அவர் பால்பாயிண்ட் பேனாவால் தாய்லாந்து மொழியில் ஒரு வாக்கியம் எழுதித் தருவார். அதன் கீழே நான் என் மைப் பேனாவால் தமிழில் அர்த்தம் எழுதிக்கொள்வேன். வரிசை எண்ணும் போட்டேன்.

“ஓட்டல் எங்க இருக்கு, வாடகை எவ்வளவு... மொதல்ல இத எழுதுவோம்” என்றார் அவர்.

அவர் மனைவியும் பாங்காக்கில் இருந்தவர்தான். தேநீரோடு உள்ளேயிருந்து வந்தவர், “அதெல்லாம் கையக் காட்டிக் கேட்டுக்கலாங்க. பொம்பள தனியாப் போறாங்க. கக்கூஸ் எங்கன்னு மொதல்ல எழுதிக் குடுங்க” என்றார். பிறகு வந்த அட்டைகளில் பாதி அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதியவை. இறைச்சி வேண்டாம், முட்டை போதும். எனக்குக் காய்ச்சல். பெண்கள் மட்டும் இருக்கிற அறை வேண்டும். ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டேன்.

ஏழு நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. அட்டையை நீட்டுவேன், படிப்பார்கள், வழி காட்டுவார்கள். யாருடைய தயவும் இல்லாமல் ஊர் சுற்றுகிறோம் என்று உள்ளூர எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது.

எட்டாவது நாள் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். சாயங்காலம் அங்கிருந்து தெற்கே போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் மலேசியா போகிற ரயில் கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் விமானமும் போய்விடும். மதியம் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு, பின்னால் பெஞ்சு போட்ட ஒரு திறந்த வண்டியில் ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் ஐப்பசி மழைதான், கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. வண்டி ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. ஏதோ ஒரு சந்தையில் எல்லோரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

ஒரு கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கிப் பைக்குள் கைவிட்டேன். பைக்குள் தண்ணீர் நின்றது. அட்டைகளை எடுத்துப் பார்த்தால், நான் எழுதிய தமிழ் முழுதும் கரைந்து நீலமாக ஒழுகியிருந்தது. எண்களும் போய்விட்டன. அவர் பால்பாயிண்டில் எழுதியது ஓர் எழுத்துகூட அழியவில்லை. ரப்பர் பேண்டு அறுந்து வரிசையும் கலைந்திருந்தது. அந்தச் சந்தையில் அட்டைகளைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. “ரயில்” என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். வாக்கியத்தின் நீளத்தை வைத்து ஊகித்து ஓர் அட்டையை உருவி நீட்டினேன். அவர் படித்துவிட்டு, மிகவும் மரியாதையாகப் பின்பக்கம் அழைத்துப் போய்க் கழிப்பறையைக் காட்டினார். திரும்பி வந்து இன்னோர் அட்டையை நீட்டினேன். அதைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என் தோளில் இருந்த பையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் மழையில் எங்கேயோ ஓடினார். என்ன சொல்லிவிட்டேன், யாரைக் கூப்பிடப் போகிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

அப்போது எதிர்வரிசையில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையில் இருந்த மொத்த அட்டைகளையும் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல இழுத்தார். நான் ஒரு மூலையை விடாமல் பிடித்திருந்தேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு எங்கள் ஆபீஸ் கவுண்ட்டர் ஞாபகம் வந்தது. படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தை இப்படித்தான் நீட்டுவார்கள், ஒரு மூலையை விடமாட்டார்கள். “குடுங்கம்மா, நான் தின்னுட மாட்டேன்” என்று எத்தனையோ தடவை வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறேன்.

கையை விட்டேன்.

அவர் கீரைப் பலகையில் அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். எனக்கு என்னென்ன வேண்டும் என்பது முழுக்க அந்தச் சந்தைக்குத் தெரிந்துபோனது. சிலதற்குச் சிரித்தார்கள். ஒவ்வொன்றையும் படித்த கையோடு எனக்கு நடித்துக் காட்டினார். கன்னத்தில் கைவைத்துத் தூங்கினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்துக்கொண்டே வந்தேன். பதினைந்தாவதோ பதினாறாவதோ, முழங்கைகளை முன்னும் பின்னும் அசைத்துக் கூவென்று ஊதினார். நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்துக் கூட்டமே சிரித்தது.

கீரையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை என் தலையில் போர்த்தி, தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். நிலையத்துக்குப் போனபோது ரயில் பத்து நிமிடம் தாமதம் என்று தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவர் சும்மா இருக்கவில்லை. டிக்கெட் கவுண்ட்டரில் பேனா வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, என் அட்டைகளில் படம் போட்டுக்கொண்டிருந்தார். பணம் எடுத்தேன், கையைத் தள்ளிவிட்டார். ரயில் வந்ததும் அட்டைகளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நான் அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

ரயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு தட்டில் சோறு, மேலே முட்டை. ஒரு கட்டில். ஒரு ரயில் எஞ்சின். ஓர் அட்டையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள், பின்னால் தொப்பி போட்ட போலீஸ். என் பையைத் திருடிவிட்டார்கள், போலீஸைக் கூப்பிடுங்கள் என்று கூத்தாநல்லூர் அம்மா எழுதச் சொன்ன அட்டை அது. அதைத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீட்டியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த வாரத்தில், ஓர் அம்மா கவுண்ட்டருக்கு வந்தார். இரண்டு மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், புருஷன் இல்லாதவர். நாலாக மடித்த ஒரு காகிதம் வைத்திருந்தார். மணி ஒன்று, சாப்பாட்டு நேரம். நாளைக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காகிதத்தை அவர் கையிலேயே விட்டு, பக்கத்தில் நின்று முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். குத்தகை உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்ற வரி வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

“நான் அப்புடிச் சொல்லலையேம்மா. நெல்லு அளந்ததுக்கு ரசீதுன்னுல்ல கைநாட்டு வாங்குனாங்க.”

அந்தக் கைநாட்டைக் காட்டி, பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொல்லி நிலக்காரர் மனு போட்டிருந்தார். அதன் நகலோடு எங்கள் ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸ்தான் அந்தக் காகிதம். ஆட்சேபம் கொடுக்க நான்கு நாள்தான் பாக்கி. வேப்பமரத்தடியில் கொடியோடு நிற்கிற விவசாயச் சங்கத்து ஆட்களைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அன்றே ஆட்சேப மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். இதற்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விசாரணை மூன்று வருடம் இழுத்தது. பதிவேட்டில் அவர் பெயர் நின்றது.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால் பார்த்த இடங்களையெல்லாம் சொல்கிறேன். ஆனால் பேச்சு முடிந்த பிறகு மனதில் நிற்பவர்கள், அந்தக் குத்தகைக்கார அம்மாவுக்கு முன்னால் பதினாலு வருடம் நான் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள்தான், அவர்கள் கையில் என்ன காகிதம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.