துஷாந்தினி ஆசியாவுக்கு அனுப்பிய பட்டியல்

துஷாந்தினி பதுளையிலிருந்து இருபத்து மூன்று பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று எனக்குச் சொன்னது, டோஹாவில் என்னோடு கம்பனி பஸ்ஸில் வரும் மொனராகலைக்காரர் ஒருவர். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது.

"ஃபுட்போல் டீமாம். ஆசியக் கப்புக்குப் போறாங்களாம். த்ரீவீல் ஓட்டுற இன்ஸாப்தான் கோல் கீப்பராம். பேக்கரிக்காரர் ஒருத்தரும் போயிருக்காராம்" என்றார்.

துஷாந்தினி என் சித்தி மகள். பதுளை பஸாரில் ஒரு கம்யூனிகேஷனில், அதாவது ஃபோட்டோகொப்பி எடுத்து, டைப் அடித்து, படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடையில், பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். விளையாட்டு வீரர் என்று விசா எடுத்து ஆள் அனுப்பும் கள்ள ஏஜென்சிகளைப் பற்றி நான் நிறையவே கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் பேக்கரிக்காரர் ஷாஹ்மிக்கு நாற்பத்து மூன்று வயது. என் தோளுக்குத்தான் வருவார். அவரை விளையாட்டு வீரர் என்று எந்த நாட்டு விமான நிலையம் நம்பப் போகிறது? பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஆமாண்ணே, அனுப்பிட்டேன்" என்றாள். பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. "நேத்துதான் ஓமான்காரனுங்கள ரெண்டுக்கு ஒண்ணு அடிச்சோம். இன்ஸாப் நானா என்னா பாய்ச்சல் பாஞ்சாரு தெரியுமா!" முஸ்லிம் அண்ணன்மாரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்ஸாப் இப்ப எங்க இருக்காரு?"

"இங்கதான். கடைக்கு முன்னால ஹயருக்கு நிக்கிறாரு."

விஷயம் விளங்க எனக்கு மேலும் பத்து நிமிடம் பிடித்தது. அது கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு கழகத்துக்கு மெனேஜராக இருந்து, ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, அணியைத் தெரிவு செய்ய வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு திரையில் ஓடும் புள்ளிகளைப் பார்த்துப் பதறுவது மட்டும்தான் நம் வேலை. கொழும்பில் வேலை செய்யும் அவள் தம்பி தினேஸ் லீவில் வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இடத்தை அடைக்கிறதே என்று அழிக்கப் போனவளிடம் அது பெயர் கேட்டது. பிறந்த திகதி கேட்டது. நாடு கேட்டது. படிவம் ஒன்றைப் பாதியில் விட்டு எழும்பிப் பழக்கமில்லாதவள் துஷாந்தினி. நிரப்பினாள். அடுத்த பக்கம் வந்தது. அதையும் நிரப்பினாள். மூன்றாவது பக்கம் முடிந்தபோது அவள் மெனேஜராகியிருந்தாள்.

அவள் பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வணிகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி, இருபது வயதில் அந்தக் கடைக் கதிரையில் உட்கார்ந்தவள். பாஸ்போட், அடையாள அட்டை, பாடசாலை அனுமதி, மரணச் சான்றிதழ் என்று ஊவா மாகாணத்தில் பாதிப் பேருடைய முழுப் பெயரும் உயரமும் அவளுக்கு மனப்பாடம். ஆகவே, இலங்கைக் கழகங்களைச் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருந்த ஃபைலைக் கண்டுபிடித்ததும், அதில் 'பதுளு ஓயா யுனைட்டட்' என்று ஒரு கழகத்தைத் தொடங்கி, தனக்குத் தெரிந்த ஆட்களையே வீரர்களாகப் போட்டாள். எல்லாம் உண்மை விபரம். ஷாஹ்மியின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்றால் அதுதான். ஓர் அங்குலம் கூட்டவில்லை. தினமும் கடைக்கு மாலு பணிஸ், அதாவது மீன் வைத்த பன், கொண்டு வருகிறவர் மனம் கோணக்கூடாதென்று அவரை இரண்டாவது கோல் கீப்பராக்கியிருந்தாள். அவர் ஆட வேண்டி வரும் என்று அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

ஒரே ஒரு பொய்தான். தன் அம்மா பெரியாயியை இருபத்திரண்டு வயதென்று எழுதி இடதுபக்கம் ஓட விட்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு வருசம் கூடையோட மல ஏறி எறங்குனவ. ஸ்டெமினா இருபதுக்கு இருபது போட்டேன். யாரு வந்து இல்லன்னு சொல்றான்னு பாப்போம்" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. பெரியாயி அந்தப் பருவத்தில் பத்தொன்பது கோல் போட்டார். சித்தியிடம் ஃபோனில் நானே கேட்டேன். "அப்படித்தான் சொல்றா தம்பி. எனக்கென்னமோ முட்டி வலிதான் மிச்சம்" என்றார்.

ஆனால் மற்றவர்கள் அப்படி லேசில் விடவில்லை. என் வேகம் ஏன் ஒன்பது, அவன் தைரியம் எப்படிப் பதினைந்து என்று கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரர் ஒருவர், தன்னை மாற்று ஆட்டக்காரர்களில் வைத்ததற்காக இரண்டு வாரம் அவளுக்கு ஹோர்ன் அடிக்கவில்லையாம். கடை முதலாளி ராமாமிர்தம், பஸாரில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்தவர், முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். அவரைக் கழகத் தலைவராக்கிய அன்றோடு முறைப்பு போய்விட்டது. ஆனால் வேறொரு சிக்கல். ஒருநாள் திரையில் வந்ததை அவள் தமிழில் வாசித்தாள்: கழகத் தலைவர் ராமாமிர்தம் உங்கள் ஆட்டமுறையில் திருப்தி அடையவில்லை.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று பதறினார் முதலாளி. "காலையிலருந்து பேங்க்லதானே நின்னுட்டு வாறேன்!"

"நீங்க சொல்லல மொதலாளி. தலைவர் சொல்றாரு."

"அந்தாளு கெடக்கான். நான் ரொம்பத் திருப்தியா இருக்கேன்னு எழுதி அனுப்பு."

இப்படியாக லீக்கை வென்று, ஆசியக் கண்டத்துக் கழகங்களின் போட்டிக்குள் நுழைந்து, ஓமான்காரர்களையும் தாண்டிக் காலிறுதிக்கு வந்திருந்தது பதுளு ஓயா. நான் லீவில் வந்தது அந்த வாரம்தான்.

ரயிலடியில் என்னை ஏற்றிக்கொண்டவர் இன்ஸாப். வழி முழுக்கக் கோல் கீப்பிங் பற்றியே பேசினார். இரண்டு கையையும் விட்டு விட்டுக் காட்டினார். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இது எனக்கு வெளயாட்டில்ல ரஜீவ்" என்றார். "பத்தொம்பது வயசில மாகாண டீமுக்கு எடுபட்டேன். பேக்கும் கட்டிட்டு பஸ் ஸ்டேண்ட் வரக்கும் போனேன். கொழும்புக்கு அனுப்பின லிஸ்ட்ல பேரில்ல. டைப் பண்ணின ஆள் விட்டுட்டானாம். அவ்வளவுதான், திருப்பி அனுப்பிட்டாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப அந்தக் கவல இல்ல. டைப் பண்ற ஆள் நம்மட துஷா."

கடைக்கு வந்து என் பையை இறக்கி வைத்த கையோடு, தன்னுடைய சாரதி அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் படிவத்தை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு பக்கம் அவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, மறு பக்கம் திரையில் காலிறுதிக்கான பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் அடையாளமிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் என்னிடம் சுகம் விசாரித்தாள், ஒருவருக்கு ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தாள். "கையெழுத்து வைங்க நானா. சரி, இன்ஸாப் முடிஞ்சிச்சு" என்றபடி திரையில் அனுப்பு பொத்தானைத் தட்டினாள். எனக்கு அவள் வேகத்தைப் பார்க்கத் தலை சுற்றியது.

பௌர்ணமிப் போயா தினத்தன்று கடைக்கு விடுமுறை. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார். வெளியே முத்தியங்கனை விகாரைக்குப் போகும் கூட்டம் வெள்ளை உடுப்பில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற நான்கு கதிரைக்கு நாங்கள் பதினோரு பேர். ஷாஹ்மி கை நிறைய மாவோடு இரண்டு தட்டுப் பணிஸைக் கொண்டு வந்திருந்தார். இன்ஸாப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, திரைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரை மிதித்துக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கவலை.

எதிரணி உஸ்பெகிஸ்தான் கழகம். ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. துஷாந்தினி அணியைத் தெரிவு செய்ய ஆரம்பித்தாள். இன்ஸாபின் பெயர் மங்கலாகக் கிடந்தது. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

அவள் ஏற்கெனவே அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இன்ஸாப் இல்லை.

"நானா..." என்றாள். குரல் கீழே போய்விட்டது. "அன்னைக்கு ஒங்க லைசன்ஸ் போர்ம முடிச்சிட்டு, இன்ஸாப் முடிஞ்சிச்சுன்னு இதுல டிக் போடாம விட்டுட்டேன்."

ஊருக்கே படிவம் நிரப்புகிறவள் அவள். பதினேழு வருடத்தில் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை. இன்ஸாப் எழுந்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எல்லோருக்கும் லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"பரவால்ல. இது எனக்குப் பழக்கம்தானே" என்றார். ஷட்டருக்குக் கீழே குனிந்தவர் திரும்பினார். "இனி எந்த லிஸ்ட்லயும் என்ட பேரப் போட வாணாம்."

போய்த் தன் த்ரீவீலில் ஏறி, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் பக்கக் கண்ணாடியைக் கடையைப் பார்த்துத் திருப்பி வைத்ததை நான் கண்டேன்.

துஷாந்தினி பின்னால் ஓடப் போனாள். முதலாளி தடுத்தார். "இப்ப போனா இன்னும் கோவம் வரும். ஆட்டத்த முடி. யாரு கோல் கீப்பர்?"

எல்லோரும் மெதுவாக ஷாஹ்மியைத் திரும்பிப் பார்த்தோம்.

"நான் நிக்கவா?" என்றார் ஷாஹ்மி. பணிஸ் வாயில் இருந்தது. "எனக்கு அடுப்புல பாண் வெந்துக்கிட்டு ஈக்கி!"

வேறு வழியில்லை. ஆட்டம் தொடங்கியது. திரையில் ஷாஹ்மியின் சின்னப் புள்ளி கோலுக்கு முன்னால் தனியாக நின்றது. உஸ்பெகிஸ்தான்காரர்கள் பத்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை அடித்தார்கள். இரண்டு கம்பத்தில் பட்டது, இரண்டு வெளியே போனது. ஐந்தாவது ஷாஹ்மியின் நெஞ்சில் பட்டுத் திரும்பியது. உண்மையான ஷாஹ்மி நெஞ்சைத் தடவினார்.

"வலிக்கிதா?" என்றார் முதலாளி.

"கொஞ்சம்" என்றார்.

இடைவேளைக்குள் அவர் தன்னையறியாமல் எழும்பி, இரண்டு கையையும் விரித்து, ஃபோட்டோகொப்பி மெஷினுக்கு முன்னால் கோலைக் காத்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் ஊறி மாவோடு பிசைந்திருந்தது. எழுபத்தோராவது நிமிடம் பெரியாயி இடதுபக்கம் மூன்று பேரைத் தாண்டி ஓடி வந்து உள்ளே தட்டினார். கடை அதிர்ந்தது. யாரோ என் காலை மிதித்தார்கள், நான் வேறு யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். துஷாந்தினி கதிரையில் ஏறி நின்று, "எங்கம்மா! எங்கம்மா!" என்று கத்தினாள். விகாரைக்குப் போன அம்மணி ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, யாருக்கோ பிரசவம் என்று நினைத்தாரோ என்னவோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

எண்பத்தொன்பதாவது நிமிடம் பெனால்டி. அவர்களுக்கு.

"நிப்பாட்டு, நிப்பாட்டு, எனக்கு ஏலாது" என்றார் ஷாஹ்மி.

"நிப்பாட்ட முடியாது நானா!"

"அப்ப எந்தப் பக்கம் பாயணும்டு அவன்கிட்டச் சொல்லு!"

"அவன் நீங்கதான்! நீங்களே சொல்லுங்க!"

ஷாஹ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது பக்கம் பாய்ந்து, பேப்பர் கட்டுக்கள் மேல் விழுந்தார். திரையிலும் ஐந்தடி இரண்டு அங்குலம் வலது பக்கமே பாய்ந்தது. பந்து கையில் பட்டு வெளியே போனது.

அடுத்த ஐந்து நிமிடம் என்ன நடந்ததென்று எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. முதலாளி ஷாஹ்மியைத் தூக்கப் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் மனிதர். நான் அவரைத் தடுக்கப் போய், மூன்று பேருமாக ஷட்டரில் மோதினோம். பாண் கருகும் வாசம் தெருவில் வந்தது. ஷாஹ்மி அழுதுகொண்டே சிரித்தார்.

துஷாந்தினி மட்டும் ஷட்டருக்குக் கீழே புகுந்து வெளியே ஓடினாள். த்ரீவீல் நின்ற இடத்தில் இல்லை. விகாரைப் பக்கம் ஹயர் கிடைத்துப் போனாரா, பெனால்டிக்கு முன்பே போனாரா, யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது திரையில் புதுச் செய்தி இருந்தது. அரையிறுதிக்குப் பட்டியலை மாற்றலாம். இன்றே கடைசி நாள். பெயர்கள் வரிசையாக வந்தன. இன்ஸாபின் பெயர் இப்போது மங்கலாக இல்லை. பக்கத்தில் வெறும் கட்டம்.

"போடும்மா, டக்குன்னு" என்றார் முதலாளி.

"போடு, போடு" என்றார் ஷாஹ்மி. "கப்பு கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, இன்னொரு தரம் என்ன அங்க நிக்க வைக்காதே. ஒரு பக்கம் பாண் போச்சு, இன்னொரு பக்கம் உசிர் போகும்."

அவள் சுட்டியைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை.

"வாணாம்னு சொல்லிட்டுப் போனாரு. கையெழுத்து இல்லாம யாரு போர்மும் நான் அனுப்புனதில்ல" என்றாள். "அவரு சொல்லணும்."

"நாள் முடிஞ்சிருமே?" என்றேன் நான்.

"நான் 'தொடரு'ங்கிற பட்டன அழுத்துற வரைக்கும் அங்க நாள் முடியாதுண்ணே. இன்னைக்கு முழுக்க இப்படியே வச்சிருப்பேன்."

ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி போனது. முழுதாகப் போய் நின்றது.

"ஹயர்ல இருப்பான்" என்றார் முதலாளி.

"வீம்பு" என்றார் ஷாஹ்மி. "எடுக்க மாட்டான்."

"எடுப்பாரு" என்றாள் துஷாந்தினி.

மறுபடி அழுத்தினாள். மிச்சமிருந்த பத்துப் பேரும் அந்தச் சின்னக் கருவியைச் சுற்றித் தலையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு குனிந்தோம். ஷாஹ்மியின் தலையிலிருந்து மாவு கீபோர்டில் உதிர்ந்தது. யாரும் தட்டிவிடவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது.