ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீடு

2003ஆம் ஆண்டுக் கோடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினொரு வயது. மொன்றியலில் நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி, அப்பா எங்களை ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனார். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய உழவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி கட்டிய வீடு. அவர்கள் வாழ்ந்த நாளில் இருந்தபடியே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து முடித்ததும் ஏரி என்பது அப்பாவின் வாக்கு. நான் சட்டைக்குள் நீச்சலுடையோடுதான் போனேன்.

உண்மையில் அந்தப் பயணம் பெரியம்மாவுக்காக. அம்மாவின் ஒரே அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அவர் இங்கேயே தங்கிவிட வேண்டுமென்று அம்மா விண்ணப்பப் பாரங்களை நிரப்பி வைத்திருந்தார். பெரியம்மா கையெழுத்து மட்டும் போடவில்லை. அங்கே சண்டை நின்று, ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்புவார்களா என்று காத்திருந்த காலம் அது.

வீட்டுக்குள் அரையிருட்டு. அடுப்புப் புகை தாழ்வாக மிதந்தது. சின்ன யன்னல் வெளிச்சம் அதில் பால்போலக் கலந்திருந்தது. மேசையில் ஐந்து மரக்கோப்பைகள். நாற்காலியில், ஊசிகளோடு, பாதி பின்னிய காலுறை. கட்டிலில் போர்வை ஒரு பக்கம் விலகிக் கிடந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. எங்கள் குரல்கள் தாமாகவே தணிந்தன.

பெரியம்மா தடுப்புக் கயிற்றைத் தாண்டினார். போர்வையை மடித்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். மாப்பெட்டியை மூடினார்.

"அக்கா, தொடாதையுங்கோ! இது ஆக்கள் பாக்க வைச்சிருக்கிறது."

"இப்பிடியே விட்டிட்டுப் போனா எலியெல்லோ வரும்?"

"வந்தாலும் ஸ்கொட்லாந்து எலிதான் மச்சாள்," என்றார் அப்பா.

வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். அம்மாவும் அப்பாவும் வெட்கப்பட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். பெரியம்மா அசையவில்லை.

"பிள்ளை, இந்த வீட்டுக்காரர் பேந்து திரும்பி வந்தவையோ எண்டு கேள்."

பிரெஞ்சில் கேட்டேன். கடைசி மகள் கதவைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போனாளாம், அதன்பின் ஒருவருமே வரவில்லையாம். வழிகாட்டிப் பெண் நீளமாகச் சொன்னாள். அப்படியே சொன்னால் பெரியம்மா இன்னும் பத்துக் கேள்வி கேட்பார். ஏரிக்கரையை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"ஓம், வந்தவையாம்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

பெரியம்மா சிரித்தார். மொன்றியலுக்கு வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான். நான் நீந்தி முடிக்கும்வரை, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரமே பயணச்சீட்டுக்குச் சொல்லிவிட்டார். அம்மா கெஞ்சினார், கோபித்தார்.

"போன ஆக்கள் திரும்பி வாறவைதான்," என்றார் பெரியம்மா. "வேணுமெண்டா உன்ரை பிள்ளையைக் கேள்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

விமான நிலையத்தில் அம்மா அவரை ஏன் அவ்வளவு நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சந்தோஷமாகவே கைகாட்டினேன். அன்றிலிருந்து என் கட்டில் மறுபடியும் எனக்கு மட்டும்.