ஒரு முழம் கிட்ட

அந்தக் கல்லூரியின் பெண்கள் தடகளக் குழுவுக்கு மூன்று பயிற்சியாளர்கள். பெரிய மேடம்தான் தலைமை. அவர் குரலுக்கு விசிலே தேவையில்லை. குண்டு எறியக் கற்றுக்கொடுப்பவரைக் குண்டு சார் என்பார்கள், ஆளோ பென்சில் மாதிரி இருப்பார். மூன்றாவது ஆள் பிரேக் அக்கா. ஓடக் கற்றுக்கொடுக்க வந்தவளுக்குப் பிரேக் என்று பேர் வைத்த குறும்புக்காரி யாரென்று இதுவரை தெரியவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

பேருக்குக் காரணம் அவளுடைய காலை வேலை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் காரில் பக்கத்து சீட்டின் கீழும் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் "பிரேக்கு, பிரேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் வாயைத் திறக்க மாட்டாள். கால் மட்டும் மெல்ல இறங்கும், வண்டி நிற்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தானே நிறுத்திவிட்டதாக நினைத்து நிமிர்ந்து உட்காருவார். "பாத்தீங்களா, நல்லா வருது" என்பாள். முதலில் பயம் போகட்டும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவள் கட்சி. அவளிடம் படித்தவர்கள் பாஸாகாமல் இல்லை. பாஸான கையோடு சொந்தக் காரைக் கொண்டுபோய் வீட்டு கேட்டில் இடித்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் கல்லூரி மைதானம். இரண்டு வருடப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெண்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு வருவாள், ஒருத்தி பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வருவாள். அவர்களில் ஹர்டில், அதாவது வரிசையாக நிற்கிற தடைச் சட்டங்களைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு அக்காதான் பொறுப்பு. ஒரு காலத்தில் அவளும் ஹர்டில் தாண்டியவள்தான். ஒருநாள் விழுந்தபோது அவளுடைய பயிற்சியாளர், "எழுந்திரு, மறுபடி ஓடு" என்றார். மறுபடி விழுந்தாள். மறுபடியும் அதையே சொன்னார். முட்டியில் ரத்தத்தோடு வீட்டுக்குப் போனவள் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தன்னிடம் வருகிற எந்தப் பெண்ணும் அப்படி வீடு திரும்பக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான், அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருடம் ஹர்டிலுக்கு இருந்தது ஒரே ஒருத்தி. சுருட்டை முடி, அதனால் சுருட்டை. விடியற்காலையில் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, காதோரம் மாவு ஒட்டியிருக்க வகுப்புக்கு வருவாள். போன சீசனின் கடைசிப் போட்டியில் மூன்றாவது ஹர்டில் காலை வாரிவிட, குப்புற விழுந்து முன்பல் உடைந்தது. ஒரு ஹர்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றே எட்டு வைக்க வேண்டும். நாலாவது எட்டு விழுந்தால் தூக்க வேண்டிய கால் மாறிப்போகும், போச்சு. விழுந்ததிலிருந்து சுருட்டைக்கு மூன்றாவது ஹர்டிலைக் கண்டாலே எட்டு சுருங்கி, கால் தடதடவென்று அடித்துக்கொண்டது. திட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

ஒருநாள் பெண்கள் வருவதற்கு முன்பே அக்கா மைதானத்துக்குப் போய், ஹர்டில்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை ஒவ்வொன்றிலும் ஒரு முழம் குறைத்து வைத்தாள்.

இது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கிட்ட வைத்து ஓடவிட்டு, தாளம் பிடிபட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைப்பார்கள். ஆனால் ஓடுகிறவளிடம் சொல்லிவிட்டுச் செய்வார்கள். அக்கா சொல்லவில்லை. ஹர்டில் வைக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு உண்டு. ஆனால் ஓடுதளத்தில் ஏற்கெனவே பல நிறத்தில் பல போட்டிகளுக்கான கோடுகள். பாதி தேய்ந்தும் போயிருந்தன. ஓடுகிறவள் ஹர்டிலைப் பார்ப்பாளா, தரையைப் பார்ப்பாளா?

சுருட்டை அன்றைக்குப் பறந்தாள். கடைசி ஹர்டிலைத் தாண்டிய வேகத்தில் திரும்பி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "மூணே எட்டு அக்கா! மூணே எட்டு!"

"பாத்தியா, நல்லா வருது" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வைத்தும் பார்த்தாள். சுருட்டையின் கால் மறுபடி தடதடத்தது, முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கத் தாங்காமல் மறுநாளே பழையபடி உள்ளே இழுத்துவிட்டாள். இப்படித் தள்ளுவதும் இழுப்பதுமாகவே மாதங்கள் போய், சீசனின் முதல் போட்டி தலைக்கு மேல் வந்து நின்றது. பெரிய மேடம் கேட்டபோதும், "நல்லா வருது மேடம்" என்றே சொல்லிவைத்தாள்.

வீட்டில் கணவரிடம் மட்டும் உளறினாள். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர், பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

"இந்த வீட்டுல யாரும் சொந்தமா ஒரு தப்புகூடப் பண்ண முடியாது, நீ விட மாட்டே" என்றார். "அந்தப் பொண்ணையும் அப்படியே பண்ணி வச்சிருக்கே. நாளைக்கே சொல்லிடு."

"சொன்னா மனசு உடைஞ்சிடுவா."

"சொல்லலைன்னா இன்னொரு பல்லு உடையும்."

மறுநாள் எல்லா ஹர்டிலையும் மஞ்சள் கோட்டிலேயே வைத்தாள். சுருட்டை வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளோ வரும்போதே, "அக்கா, எங்கம்மா போட்டிக்கு வர்றாங்க. லீவு போட்டுட்டாங்க! நான் ஓடி அவங்க பாத்ததே இல்ல" என்று குதித்துக்கொண்டு வந்தாள். ஓடட்டும், ஒருவேளை தாண்டிவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று அக்காவுக்கு ஒரு சபலம்.

சுருட்டை ஓடினாள். இரண்டாவது ஹர்டிலைத் தட்டுத்தடுமாறித் தாண்டி, மூன்றாவதன் முன்னால் தடதடத்து நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள்.

"அக்கா, இன்னைக்குத் தப்பா வச்சிட்டீங்க. ரொம்பத் தள்ளிப் போச்சு."

சொல்லிக்கொண்டே அவளே அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், அது எங்கே இருக்க வேண்டும் என்று அவள் கால் நினைத்ததோ அங்கே. நேராக வைக்கக் குனிந்தவள் தரையைப் பார்த்தாள். மஞ்சள் கோடு ஹர்டிலுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது. அடுத்த ஹர்டிலைப் போய்ப் பார்த்தாள். அது கோட்டின் மேலேயே நின்றது. அதற்கடுத்ததும்.

"இந்தக் கோடு என்னக்கா?"

"அதுதான்... சரியான இடம்."

"அப்ப நான் இவ்வளவு நாளா தாண்டினது?"

"கிட்ட வச்சிருந்தேன் கண்ணு. உனக்குத் தைரியம் வரட்டும்னு..."

"வந்துச்சே! நல்லா வந்துச்சு." சுருட்டை அந்தக் கோட்டைக் காலால் தேய்த்தாள். "விழுந்தப்பகூட எனக்கு இப்படி இல்லக்கா. அது நான் விழுந்தது. தாண்டினது மட்டும் நான் இல்லையா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெண்ணை விழாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவளிடமிருந்து எதைப் பறித்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நேராகப் பெரிய மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம் அதிசயமாகக் கத்தவில்லை.

"கிட்ட வச்சது தப்பில்ல, நானும் வச்சிருக்கேன். சொல்லாம விட்டே பாரு, அதுதான்."

"போட்டியிலேர்ந்து அவ பேரை எடுத்துடலாமா மேடம்?"

"அதையும் அவளைக் கேக்காம நீயே முடிவு பண்ணப் போறியா?"

அக்கா பேரை அப்படியே விட்டுவிட்டாள்.

சுருட்டை போட்டிக்கு வந்தாள். அக்கா இருந்த திசைக்கே முகத்தைத் திருப்பவில்லை. துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு ஹர்டில்களை வேகத்தில் தாண்டிவிட்டாள். மூன்றாவதில் கால் எட்டவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் எட்டு கூட வைத்து, ஒருதடவை இந்தக் கால், ஒருதடவை அந்தக் கால் என்று மாற்றி மாற்றித் தூக்கி, பார்க்கவே சங்கடமாகத் தாண்டிப் போனாள். கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் விழவில்லை. ஒன்றும் தெரியாத அவள் அம்மா எழுந்து நின்று கை தட்டினாள். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

அப்புறம் சுருட்டை பயிற்சிக்கு வரவில்லை. அக்கா தினமும் ஹர்டில்களை மஞ்சள் கோட்டில் வைப்பதும் பொழுது சாயும்போது எடுத்து அடுக்குவதுமாக இருந்தாள். குண்டு சார் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். காலையில் காரில் ஒருநாள், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவரிடம், "இப்ப வண்டியை நிறுத்தினது நான், நீங்க இல்ல சார்" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் முகம் தொங்கிப்போனது. மறுநாள் முதலாளியிடம் வேறு ஆசிரியர் கேட்டுவிட்டார். உண்மை பேச ஆரம்பித்த புதிதில் இதெல்லாம் சகஜம்.

ஒரு மத்தியானம், பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சுருட்டை வந்து நின்றாள்.

"கோட்டுல வச்சா என்னால முடியலக்கா. கிட்ட வைங்க."

அக்கா உடனே முதல் ஹர்டிலைப் பிடிக்கப் போனாள்.

"ஆனா எவ்வளவு கிட்டன்னு சொல்லணும். தள்ளுறப்பவும் சொல்லணும், இழுக்குறப்பவும் சொல்லணும். நான் ஓட ஆரம்பிக்கிற இடத்துல நின்னா காதுல விழற மாதிரி சொல்லணும்."

அக்கா ஒவ்வொரு ஹர்டிலாக நகர்த்தி வைத்தாள். கடைசி ஹர்டிலைப் பிடித்தபடி, "ஒரு முழம் கிட்ட!" என்றாள். கத்திப் பழக்கமில்லாத தொண்டை, பாதி வழியிலேயே கம்மிப்போனது.

"கேக்கல!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஒவ்வொண்ணும் ஒரு முழம் கிட்ட வச்சிருக்கேன்!" மைதானமே திரும்பிப் பார்த்தது. குண்டு சார் கையில் குண்டோடு அப்படியே நின்றார்.

சுருட்டை தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். மூன்றே எட்டு, மூன்றே எட்டு. முடித்தவள் இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை. இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"இப்ப தள்ளுங்க."

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே..."

"தள்ளுங்கக்கா."

அக்கா தள்ளினாள். "நாலு விரல் வெளியே!" என்று கத்தினாள். சுருட்டை திரும்பிப் போய் ஓட ஆரம்பிக்கிற கோட்டில் நின்றாள். கால் எட்டுமா என்று அக்காவுக்குத் தெரியாது, விழுவாளா என்றும் தெரியாது. சுருட்டைக்கும் தெரியாது. ஆனால் இப்போது ஒருத்திக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது. அவள் ஓட ஆரம்பித்தாள்.