தலை கித்தார், வயிறு லூட்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் பழைய தந்தி வாத்தியங்களை வகை பிரிப்பது தந்தியக்காவின் வேலை. வீட்டில் வைத்த பேர் வேறு. சம்பளப் பிரிவைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. முதுகு தட்டையா, புடைப்பா? தந்தி உலோகமா, நரம்பா? இப்படியே கேட்டுக் கேட்டு வாழ்ந்தவள். கணவரை முதன்முதலில் சந்தித்தபோதே, "கொஞ்சம் திரும்புங்க, முதுகுப் பக்கம் பாக்கணும்" என்றாளாம். மனிதர் திரும்பினார். கல்யாணமும் ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரே ஒரு வாத்தியம் பிடி கொடுக்கவில்லை. பாதிப் பூசணிக்காய் போல முதுகு புடைத்திருந்ததால், லூட் என்கிற பழைய ஐரோப்பிய வாத்தியம் என்று சொல்லலாம். ஆனால் லூட்டுக்குத் தலை பின்னால் மடங்கியிருக்கும். இதற்கோ கித்தாரைப் போல நேரான தட்டைத் தலை. முதுகு புடைத்த கித்தார்களும் அந்தக் காலத்தில் உண்டே! எந்த அலமாரியிலும் சேர்க்க முடியாமல் அது மூலையில் கிடந்தது. அவளுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

புதிதாக வந்த இயக்குநர் ஒரே போடாகப் போட்டார். வகை தெரியாத பொருள் சாயங்கால லாரியில் வெளியூர்க் கிடங்குக்குப் போய்விட வேண்டும். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. சாயங்காலத்துக்குள் வகையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தந்தியக்கா கிளம்பினாள்.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நாத்தனாரிடம் ஓடி, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை வாங்கி வந்தாள். வாத்தியத்தின் துளைக்குள் அதை விட்டு டார்ச் அடித்தாள். மேல் பலகைக்கு அடியில் வளைந்த மரச் சட்டம் ஒன்று தெரிந்தது. அது தடித்த தந்திப் பக்கம் இருப்பதுதான் வழக்கம். இதில் மெல்லிய தந்திப் பக்கம் இருந்தது!

"சார்! இடது கைக்காரங்களுக்குன்னே பக்கம் மாத்திச் செஞ்சது சார்!" என்று படியேறி ஓடினாள். இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உலக அதிசயம்மா இது! நடு மண்டபத்துல வச்சிடுவோம்!" காவலாளி கை தட்டினார். தந்தியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கண்ணாடிப் பெட்டி செய்ய அளவெடுக்க வந்த தச்சருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"பாருங்கண்ணே, தடிச்ச தந்திப் பக்கம் வெறும் பலகைதான் இருக்கும்" என்று அந்தப் பக்கமாக ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டாள்.

டக்.

மறுபடி விட்டாள். மறுபடியும் டக். சட்டம் அங்கேதான் இருந்தது. கண்ணாடி பக்கத்தை மாற்றிக் காட்டியிருக்கிறது! தினம் கண்ணாடி பார்த்துத் தலைவாருகிறவள், இதில் கோட்டை விட்டுவிட்டாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

முட்டிய அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று குதித்ததில், சட்டம் எதற்கு இருக்கிறது என்று யோசிக்கவே இல்லையே! அப்படி வளைந்த சட்டம் லூட்டுக்கு வைப்பது. கித்தாருக்கு அதை யார் வைத்தார்கள்?

"சார், இடது கை இல்ல. கண்ணாடியில பாத்து நான்தான் ஏமாந்துட்டேன்."

பெட்டி வேலையைப் பார்க்க இறங்கி வந்த இயக்குநரின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப இது என்னதாம்மா?"

"லூட் சார். பின்னாடி யாரோ தலைய மட்டும் மாத்தியிருக்காங்க."

"சாதாரண லூட்டா?"

"சுத்தமான, சாதாரண லூட் சார்!" பரிசு வாங்கியவள் போல அவள் பூரித்துப் போனாள்.

"அப்ப நடு மண்டபம் கிடையாது."

"வேண்டவே வேண்டாம் சார்."

டிரைவர் படியிறங்கி வந்து கேட்டார்: "என்னம்மா, ஏதோ அனாதைப் பொருள் ஏத்தணும்னாங்களே?"

"அதோட சொந்தக்காரங்க கிடைச்சிட்டாங்கண்ணே" என்று லூட் அலமாரியைக் காட்டினாள். "நீங்க கெளம்புங்க."