கரண்ட் போகாத வீட்டில் செய்த பாட்டு

என் வீட்டுக்காரர் நெய்வேலி சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரம் ஓட்டியவர். எந்த ஷிப்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குக் கீபோர்டு வாசிக்க எப்படியாவது வந்துவிடுவார். முப்பது வருடம் அப்படி வாசித்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அழுந்தியது. ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் அப்படி ஆனபோது முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு கீபோர்டைப் பாடகர் குழுவிடமே கொடுத்துவிட்டார். பூசைக்கு வருவார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்.

பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள் அந்தத் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு சின்ன கீபோர்டும் கொண்டுவந்தாள். பெட்டி ஒரு பெரிய டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவு இருக்கும். மேலே நிறையத் திருகும் குமிழ்கள். கீழே ஒரே வரிசையில் பதினாறு பட்டன்கள், பட்டனுக்கு ஒரு விளக்கு.

"அப்பா, இந்தக் கீபோர்டுக்குத் தனியா சத்தம் கிடையாது. மிடி கீபோர்டுன்னு பேரு. இது ஒயர் வழியா சொல்லும், பெட்டிதான் பாடும். நீங்க வேகமா வாசிக்கவே வேணாம். ஒரு கட்டைய அழுத்துங்க, டீ குடிங்க, அப்புறம் அடுத்த கட்டைய அழுத்துங்க. ஒண்ணொண்ணா வரிசையில வச்சிக்கினு பெட்டியே வாசிக்கும்" என்றாள்.

"டீய யாரு போட்டுத் தர்றது?" என்றேன்.

அவள் சொன்னதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாசக்கணக்கில் பார்க்காத முகம். அவள் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தாள். எங்கள் காதில் பாதிதான் ஏறியது.

அவள் ஊருக்குப் போன மறுநாளே உட்கார்ந்தார். விரல் நடுங்கி ஒரு கட்டை இரண்டு தரம் அழுந்தியது. பெட்டி அதை இரண்டு சுரமாக எடுத்து வைத்துக்கொண்டது. அழித்து அழித்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இந்தா, இங்க வா."

"மாவு அரைச்சிகினு இருக்கேங்க."

"கைய கழுவிகினு வா. நான் சொல்ற கட்டைய நீ அழுத்து."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சங்கீதம் தெரியாது. அவர் வாயால் சுரத்தின் பேரைச் சொன்னால் எனக்கு எந்தக் கட்டை என்று புரியவில்லை. அதனால் மூன்று நிறத்தில் என் ஒட்டுப்பொட்டுகளை எடுத்து மூன்று கட்டைகளில் ஒட்டினேன். அவற்றை வைத்துக் கணக்குச் சொல்லச் சொன்னேன்.

"பொட்டு வச்ச கீபோர்ட எங்கனா பாத்திருக்கியாடி?"

"சுமங்கலி கீபோர்டு. சொல்லுங்க, செவப்புக்கு அந்தாண்ட எத்தினி?"

அவருக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாட்களில், கம்பெனி பஸ்கள் போய் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் அடங்கிய பிறகு உட்காருவோம். ஒரு வரிக்குப் பதினாறு இடம். சத்தம் வேண்டாத இடத்தில் கட்டையைத் தொடாமல் வேறொரு பட்டனை அழுத்தி அந்த விளக்கைத் தாண்ட வேண்டும். முதலில் அடியில் ஓடும் கனமான சத்தம், அதன் மேல் பாட்டின் மெட்டு. மெட்டு முழுக்க அவருடையது. காணிக்கை எடுத்துப்போகும்போது பாடுவதற்கு என்று அவரே கட்டியது. நான்கு வரி. எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளும் நெருங்கியது. பக்கத்து ஊரான வடக்குத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் போகவேண்டும். அவர் பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் காலி செய்வதற்கு முன் வரும் கடைசி ஞாயிறு, பெட்டி வாசிக்க, குழு பாடட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டாராம்.

"ஒரே ஒரு தடவ என் வாசிப்பு அந்தக் கோவில்ல கேக்கணும்டி. அப்புறம் வடக்குத்துல முருங்கைக்குத் தண்ணி ஊத்திகினு கெடக்கறேன்" என்றார்.

பெட்டியை நாங்கள் அணைத்ததே இல்லை. இப்படி இரவு பகலாக எரிகிறதே என்று ஒரு தரம் கேட்டேன். "கரண்ட் செய்யற ஊரு இது. இங்க எங்க போவப் போவுது?" என்றார். உண்மைதான். அந்த வீட்டில் நான் மெழுகுவத்தி வாங்கி வைத்தது கல்லறைத் திருநாளுக்கு மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, வீட்டை ஒப்படைக்கும் முன் மின்விசிறி, குழல்விளக்கு எல்லாம் சரிபார்க்க ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். என் வீட்டுக்காரர் பென்ஷன் காகிதம் விஷயமாக வெளியே போயிருந்தார்.

"அம்மா, மெயின ஆஃப் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்கப்பா" என்றேன். நான்தான் சொன்னேன்.

எலக்ட்ரீசியன் மெயினைப் போட்டுவிட்டுப் போன பிறகு என் வீட்டுக்காரர் வந்து பெட்டியின் பட்டனை அழுத்தினார். பதினாறு விளக்கும் வரிசையாக ஓடின. ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு மகளுக்குப் போன் போட்டார். "சேவ் பண்ணலையாப்பா? அன்னிக்கே சொன்னேனே, ரெண்டு பட்டன சேர்த்துப் புடிக்கணும்னு" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. போனை என்னிடம் நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வுடு. குழுவுல இருக்கறவங்க எதனா பழைய பாட்டா பாடிக்குவாங்க. சாமியார் கிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினார்.

"நில்லுங்க. கட்டைய அழுத்தினது யாரு?"

"நீதான்."

"அப்ப எங்கிட்டதான் இருக்கும். உக்காருங்க."

எழுதி வைத்துக்கொண்டு பழகியவள் இல்லை நான். பால் கணக்கு, பஸ் நம்பர், பூசையில் சொல்லும் பதில்கள் என்று எல்லாவற்றையும் மனசிலேயே வைத்துப் பழகியவள். அந்தப் பாட்டை எத்தனை தரம் விளக்கு விளக்காக அடுக்கியிருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். சிவப்புப் பொட்டு, அதற்கு அந்தாண்ட இரண்டு, திரும்பச் சிவப்பு, ஒரு இடம் காலி. முதல் வரி சரியாக வந்தது. அவர் செருப்போடே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவதில் பதினோராவது விளக்கில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இங்க கீழ எறங்கணும்."

"இல்லிங்க, ஏறணும்."

"பாட்டு போட்டது நானு."

"அழுத்தினது நானு. எத்தினி தரம் அழுத்தியிருப்பேன், எனக்குத் தெரியாதா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "செரி, ஏறு" என்றார். மறுநாள் மதியத்துக்குள் நான்கு வரியும் பெட்டிக்குள் வந்துவிட்டன. சேவ் பண்ணும் இரண்டு பட்டனில் ஒன்றை அவரும் ஒன்றை நானும் பிடித்தோம். சனிக்கிழமை மாலை குழு பெட்டியோடு சேர்ந்து பாடிப் பழகியது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கோவில் ஒலிபெருக்கியில் சேர்த்தார்கள். காணிக்கைத் தட்டு புறப்பட்டதும் அவரே இடது கையால் பட்டனை அழுத்திவிட்டு, குழுவின் பக்கத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கனமான சத்தம் முதலில் எழுந்தது. அதன் மேல் மெட்டு வந்தது. குழு பாடியது. மூன்றாவது வரியில் அந்த இடத்தில் மெட்டு ஏறியபோது கோவில் முழுக்க எல்லோருடைய தலையும் கொஞ்சம் நிமிர்ந்தது போல இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இல்லை. எல்லோரும் பார்க்க முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

வடக்குத்துக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். மகள் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். வீடியோ காலில் எங்களோடு பேசும்போது எங்களுக்குத் தெரியாமல் பிடித்துவைத்ததாம், பழைய போனில் இருந்ததை அழிக்கும்போது கண்ணில் பட்டதாம். அதில் நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் பெட்டி வாசிக்கிறது. அது பழைய பாட்டு, கரண்ட் போவதற்கு முன் இருந்தது. மூன்றாவது வரியில் பதினோராவது இடத்தில் மெட்டு கீழே இறங்கியது.

திரும்பவும் போட்டுக் கேட்டேன். இறங்கத்தான் செய்தது. அவர் சொன்னதுதான் சரி.

மகளைக் கூப்பிட்டு, "ஒங்க அப்பாவுக்கு இத அனுப்பிடாத" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதற்குள் அவர் தோட்டத்திலிருந்து வந்துவிட்டார்.

"யாரு போன்ல?"

"பொண்ணுதான். ஒங்க பாட்டக் கேட்டுகினு இருந்தாளாம்."

"எப்பிடி இருக்குதாம்?"

"மூணாவது வரியில அந்த ஏறுற எடம் ரொம்ப நல்லா இருக்குதாம்."

"அது நான் ஆரம்பத்துலயே யோசிச்சு வச்சதாச்சே" என்று சொல்லிக்கொண்டே கால் கழுவப் போனார்.

எனக்கு வாய் நிறையப் பதில் இருந்தது. காபியை நன்றாக ஆற்றி, அரை டம்ளர் மட்டும் ஊற்றி, அவர் இடது கையில் கொடுத்தேன்.