லோவெல் போட்ட சோளமணி

என் அண்ணன் லோவெல் ராஸ்காம்ப் யாரை ஆதரிக்கிறானோ அவர் தோற்றுவிடுவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்ம் கிரீக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவன் மாடு ஏலம் விடுகிறவன், சர்ச்சில் மூப்பர், ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும்.

எட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் எட்டுப் பேரை ஆதரித்தான். ஒருத்தர்கூட கட்சியின் வேட்பாளர் ஆனதில்லை. ஒருவர் பேர் எழுதின பலகையை வீட்டு வாசலில் நட்டான். மூன்றாம் நாள் அவர் போட்டியிலிருந்து விலகினார். இன்னொருவருடைய ஆட்கள் விஷயம் கேள்விப்பட்டு, விடிகாலையில் காரில் வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவரும் தேறவில்லை.

இதில் கூத்து என்னவென்றால் நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். ராசி, அதிர்ஷ்டம் என்ற பேச்சே எங்களுக்கு ஆகாது. எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று பாஸ்டர் சொல்லும்போது ஊரே தலையாட்டும். ஆராதனை முடிந்து கார் கதவைத் திறக்கும்போதே, "லோவெல் இந்தத் தடவை யாருக்காம்?" என்று ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கும். நானும்தான் விசாரிப்பேன். எனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?

நான் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். காலை ஆறரை மணிக்குக் காபிக்கு வந்து உட்காருகிற கூட்டம் ஒன்பதுக்குத்தான் எழுந்திருக்கும். அந்தக் கோடையில் அவர்களுக்கு ஒரே பேச்சு, அடுத்த தடவை யார் நிற்பார்கள் என்பதுதான். தேர்தலுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆனால் நாட்டிலேயே முதலில் கூடி முடிவு சொல்கிற மாநிலம் எங்கள் அயோவா. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் ரிபப்ளிகனாகத்தான் பிறக்கும். அதனால் ஜனாதிபதி ஆசை பிடித்த பழமைவாதிகள் எல்லாருக்கும் எங்கள் ஊர்ப்பக்கம் திடீர் திடீரென்று வேலை வந்துவிடும். பல்வரிசை அழகான ஒரு செனட்டர், ஓய்வுபெற்ற ஒரு ஜெனரல், தெற்கிலிருந்து ஒரு பெண் கவர்னர், டி.வி.யில் கத்துகிற பிரென்ட் காலவே என்று வரிசையாக வந்தார்கள். எல்லாரும் சித்தப்பா மகனைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார்கள். நிற்பீர்களா என்று கேட்டால், இல்லவே இல்லை, வீட்டில் எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். ஜெபம் முடிவதற்குள் ஆறு தடவை வந்துவிட்டுப் போவார்கள்.

இவர்களில் அசல் பழமைவாதி யார் என்று என் கடையில் தினமும் சண்டை. ஜெனரல்தான், அவரிடம் செல்போனே கிடையாது என்பார் ஒருவர். செனட்டர் ஒருநாள் பன்றிக்கறி வேண்டாம், இலைதழை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அதோடு என் கடையில் அவர் கதை முடிந்தது.

ஆனால் எங்கள் எல்லார் மனசிலும் இருந்தது வேறு ஒருவன். மெரில் டியூனிஸன். எங்கள் பண்ணைக்கு அடுத்த பண்ணைக்காரன். பன்றி வளர்த்தவர் மகன். லோவெலும் அவனும் ஒரே பள்ளிக்கூட பஸ், ஒரே வகுப்பு, ஒரே தூண்டில். மூன்று வருஷமாக அவன்தான் எங்கள் மாநிலத்துக்கு கவர்னர். அவன் கவர்னருக்கு நின்றபோது என் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மெரிலுக்காக ஒரு வார்த்தை பேச முடியாமல், ஓட்டும் போட முடியாமல் படுத்துக் கிடந்தான். அதனால்தான் மெரில் ஜெயித்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லோவெல் காதுபடவே பேசினார்கள், கடங்காரர்கள்.

அதற்கு ரொம்ப முன்னால், ஆறாம் வகுப்பில், மெரில் வகுப்புத் தலைவனுக்கு நின்றான். லோவெல் பெஞ்சு மேல் ஏறி அவனுக்காகப் பேசினான். மெரிலுக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. ஒன்று அவனே போட்டுக்கொண்டது, இன்னொன்று லோவெலுடையது. என் அண்ணனின் ராசி அங்கேதான் ஆரம்பித்தது.

மற்றவர்கள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே சுற்றினார்கள். மெரில் ஒன்றுமே சொல்லவில்லை. ஆகஸ்டில் எங்கள் மாவட்டக் கட்சி விருந்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினான். அங்கேதான் அறிவிக்கப் போகிறான் என்று ஊரே குதித்தது.

விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு வாங்கும்போது ஆளுக்கு ஒரு சோளமணி கொடுப்பார்கள். மேசை மேல் ஜனாதிபதிக்கு நிற்கக்கூடிய ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். பிடித்தவர் ஜாடியில் போட வேண்டும். ரகசியமெல்லாம் கிடையாது. யார் எதில் போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் கறி சாப்பிடுவார்கள்.

விருந்துக்கு மூன்று நாள் முன்னால் வெண்டெல் கைக்கன் என் கடைக்கு வந்தார். மாவட்டக் கட்சித் தலைவர், டிராக்டர் கடைக்காரர். ஒன்றும் வாங்காமல் கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். கட்சி நிதிக்காகப் பழ அப்பங்களை ஏலம் விடுவதற்கு லோவெலை விட்டால் ஆள் இல்லை. ஆகவே வராதே என்று சொல்ல முடியாது. அவன் சோளமணி மட்டும் மெரில் ஜாடியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? அவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிற வரைக்கும்தான். அப்புறம் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப்பிள்ளை ஜனாதிபதியாக ஒரு வழி திறந்திருக்கிறது, என் அண்ணன் கைபட்டு அது மூடிப்போனால்? சாயங்காலம் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் விருந்துக்குப் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"லோவெல், சனிக்கிழமை உன் சோளமணியை மெரில் ஜாடியிலே போடாதே."

"ஏன்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நான் மூப்பர், ஆர்லிஸ். ராசியை நம்பறேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலவே ஜாடியிலே போட்டுட்டுப் பேசாம வா."

"அவனுக்கா? அவன் கத்துற கத்துலே என் நாயே கட்டிலுக்கு அடியிலே போயிடுது."

"அதுக்குத்தான் சொல்றேன். உன் கைபட்டு அவன் தொலையட்டும்."

அவன் சிரிக்கவில்லை. மெரிலிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். கவர்னரிடம் போய் ராசி, கீசி என்று உளறினால் மூப்பர் மானம் கப்பலேறிவிடும், வாயை மூடிக்கொண்டிரு என்றேன். அதட்டித்தான் சொன்னேன். சின்ன வயசிலிருந்தே அவன் என் அதட்டலுக்குக் கட்டுப்பட்டவன்.

சனிக்கிழமை நடுப்பகல். கண்காட்சி மைதானத்துத் தகரக் கொட்டகை. வெயிலும் கறிப்புகையும் மூச்சு முட்டியது. லோவெல் மேடையேறி என் செர்ரிப் பழ அப்பத்தை ஏலம் விட்டான். அவன் வாய் திறந்தால் நிற்காது. அது இல்லாமல் எங்களுக்கு விருந்தே கிடையாது. முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாடி மேசைக்கு வந்தான். அத்தனை முள்கரண்டியும் நின்றுவிட்டது.

மெரில் பத்தடி தள்ளி யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தான். லோவெல் அவன் ஜாடி முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஓரடி நகர்ந்து காலவே ஜாடியில் போட்டான். டிங் என்று கேட்டது. வெண்டெலுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். அப்போது ஏதோ தோன்றி மெரிலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான். அவன் சிரிப்பு, கொடியில் எடுக்க மறந்த துணி மாதிரி முகத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மெரில் ஜாடிதான் நிரம்பி வழிந்தது. அவன் பேச எழுந்தபோது கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. கோட்டின் இடது பையில் கை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். பார்த்தான். மடித்துத் திரும்ப உள்ளே வைத்தான். வலது பையிலிருந்து வேறொன்றை எடுத்து வாசித்தான். ஜனாதிபதிக்கு நான் நிற்கப் போவதில்லை, உங்கள் அன்புக்கு நன்றி, கறி பிரமாதம். அவ்வளவுதான்.

கொட்டகைக்குப் பின்னால் காலியான அப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். லோவெல் எனக்கு உதவி பண்ணிக்கொண்டிருந்தான். மெரில் தனியாக வந்து அவன் எதிரே நின்றான்.

"நான் உனக்கு என்னடா பண்ணினேன்?"

என் அண்ணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "நீ ஜெயிக்கணும்னுதான்டா அங்கே போட்டேன்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எட்டுப் பேர் கதை, பலகை, குடலிறக்கம், ஊர்ப்பேச்சு, ஒன்று விடாமல்.

மெரில் நம்பாமல் பார்த்தான். "ராசியா? மூப்பர் நீ. உனக்கு யாருடா இதைச் சொன்னது?"

"யாரும் சொல்லலே. நானா யோசிச்சுப் பண்ணினதுதான்."

என் கையில் தட்டு இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். நான் அடுத்த தட்டை எடுத்து அடுக்கினேன்.

மெரில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். "ரெண்டு பையிலேயும் ரெண்டு பேச்சு வச்சிருந்தேன். கிளம்பும்போதே என் பெண்டாட்டி லவோன்கிட்ட சொல்லிட்டேன். ஊரே போட்டாலும் சரி, லோவெல் எங்கே போடறான்னு பார்த்துட்டுத்தான் எந்தப் பையிலே கை விடறதுன்னு முடிவு பண்ணுவேன்னு. அம்பது வருஷமா என்னைத் தெரிஞ்சவனே வேண்டாம்னு நினைச்சா, நான் நின்னு என்ன ஆகப்போகுது?"

"இப்பவே போய் மாத்திச் சொல்லிடுடா."

"சொன்னது சொன்னதுதான்."

மற்றவர்கள் ஆளுக்குப் பத்துத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டு நின்றார்கள். நாடு முழுக்க இல்லை என்றால் இல்லைதான் என்று இருந்த பழமைவாதி இவன் ஒருத்தன். அசல் யார் என்று என் கடையில் நடந்த சண்டைக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. யாருக்கும் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

லோவெல் அழுதான். மெரில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஆறாம் கிளாஸ்லே எனக்கு ரெண்டு ஓட்டு. அதிலே ஒண்ணு உன்னோடதுன்னு தெரிஞ்சதாலேதான்டா மறுநாள் ஸ்கூலுக்கே போனேன்" என்றான்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. லோவெல் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நானும் பேசி நிம்மதியாக இருந்திருப்பேன். ஏல மேடையில் மட்டும் அவனுக்குக் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. பிரென்ட் காலவே, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், பணமும் ஆளும் இல்லை என்று விலகினார். பொய்க்குப் போட்டாலும் லோவெல் கை லோவெல் கைதான் என்று காபி மேசையில் சிரித்தார்கள். எழுந்து போங்கள் என்று அத்தனை பேரையும் விரட்டினேன். மறுநாள் வந்துவிட்டார்கள்.

ஜனவரியில் பள்ளிக்கூட ஜிம்மில் காக்கஸ் கூட்டம், கட்சி வேட்பாளராக யார் வேண்டும் என்று ஊர் கூடிச் சீட்டுப் போடுகிற நாள். வெளியே முழங்கால் அளவு பனி. மெரில் பெயர் இன்னும் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. அவனும் வந்து லோவெலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். வெற்றுத் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். வேண்டிய பேரை எழுதி மடித்துக் கூடையில் போட்டோம். வெண்டெல் எண்ணி வாசித்தார். ஜெனரலுக்கு நாற்பத்தொன்று. பெண் கவர்னருக்கு முப்பத்திரண்டு. செனட்டருக்கு ஒன்பது. அப்புறம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சீட்டுகளை மறுபடி பார்த்து, "மெரில் டியூனிஸன், ரெண்டு" என்றார்.

ஜிம்மில் சிரிப்பு எழுந்தது. லோவெல் மெரிலைத் திரும்பிப் பார்த்தான். மெரில் நான் இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் என் அண்ணன் மெதுவாகத் திரும்பி, மூன்று வரிசை தள்ளி இருந்த என்னைப் பார்த்தான். நான் குனிந்து பூட்ஸ் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் லோவெல் முன்னால் போய்விட்டான். மெரில் என்னிடம் வந்தான். "ரெண்டாவது சீட்டு உன்னோடதா, ஆர்லிஸ்?"

"ஆமா." மீதியையும் சொன்னேன். "அன்னைக்கு காலவே ஜாடியிலே போடச் சொன்னதும் நான்தான். உன்கிட்ட சொல்லாதேன்னு அவன் வாயை அடைச்சதும் நான்தான்."

அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். "தானா யோசிச்சதுன்னுல்ல என்கிட்ட சொன்னான்" என்றான்.

"அப்படித்தான் சொல்வான். அவன் அப்படித்தான்."

வெளியே வந்து பார்த்தால் லோவெல் கையுறை போடாமல் என் கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் வண்டி மேல் பனி அப்படியே இருந்தது.