ஜக்கம்மா குறைத்த மிளகாய்

அல்லிநகரத்து அம்மாவாசிக்குக் குழம்பில் காரம் குறைந்தால் கோபம் வந்துவிடும். கம்பத்துக்கும் தேனிக்கும் லோடு ஆட்டோவில் தேங்காய் ஏற்றுகிற மனிதர். கஞ்சிக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, கடிக்கப் பயப்படுகிறவர்களைக் கேலி பேசுவார். சாப்பிட்ட கையோடு இடது கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொள்வார். அந்தக் கன்னத்துக்குள்தான் புண் வந்தது. தொண்டையும் கரகரத்தது.

தெருவுக்கு வந்த நர்ஸ், "மூணு வாரத்துல ஆறலைன்னா கட்டாயம் டாக்டர்ட்ட காட்டணும். போயிலைய இன்னிக்கே விட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவாசி முதல் பாதியைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதி அவர் காதில் ஏறவில்லை.

சோற்றுத் தட்டின் முன்னால் அவர் முகம் சுளிப்பதை மனைவி ஜக்கம்மாவால் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் குழம்பில் ஒரு மிளகாயைக் குறைத்தாள். அன்று அவருக்கு எரியவில்லை. "புண்ணு ஆறிப்போச்சு" என்று சந்தோஷமாகப் புகையிலை போட்டார். நாலு நாளில் மறுபடி எரிந்தது. அது வேறு புண் என்று முடிவுகட்டி, மூன்று வாரத்தைப் புதிதாக எண்ண ஆரம்பித்தார். அவள் இன்னொரு மிளகாயைக் குறைத்தாள். இப்படியே அந்த வீட்டில் புண் ஆறிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் மட்டும் முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவாள்.

ஆவணியில் வீரபாண்டியில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் கறிக்குழம்பை ஒரு வாய் வைத்ததுமே அம்மாவாசிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏலே, மொளகாயத் தவிர வேற ஒண்ணுமே வாங்கலையா?" என்று கத்திக்கொண்டு எழுந்தார். பக்கத்து இலையில் ஒரு வாண்டு அதே குழம்பை வழித்து நக்கிக்கொண்டிருந்தது.

சமையல்காரரைத் தேடிப் புறப்பட்டவரின் கையை ஜக்கம்மா பிடித்தாள்.

"அவுகளத் திட்டாதீக. உறைப்பு சரியாத்தான் இருக்கு. நம்ம வீட்டுலதான் இல்ல. நாந்தான் கொறச்சுக்கிட்டே வந்தேன்."

"அப்ப புண்ணு ஆறலையா?"

"ஆறவே இல்லைங்க."

திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தவர், "வண்டியில ஏறு" என்று மட்டும் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லைட் அடித்து வாய்க்குள் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

அம்மாவாசி மனைவி பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியல சார். இவளத்தான் கேக்கணும்."

"மாசியிலருந்து இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஜக்கம்மா அழுதாள்.

"அழுகாத" என்று அம்மாவாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.